பான்ஃபி மாளிகையும் பழங்கட்டடச் சீரமைப்புக் கல்வியும்

பழங்கட்டடங்களைச் சீரமைக்கும் கைத்தொழில்களை எங்கே வைத்துக் கற்பிப்பது என்ற கேள்விக்கு ஐரோப்பாவில் இரண்டு விடைகள் நடைமுறையில் உள்ளன. தொழிற்பள்ளியின் பட்டறையில், பயிற்சிக்கென்றே எழுப்பிப் பாடம் முடிந்ததும் பிரித்துப் போடும் சுவர்களில் கற்பிப்பது ஒன்று. பழுதுபட்டு நிற்கும் மெய்யான கட்டடம் ஒன்றையே பள்ளியாக்கி, கற்பவரின் வேலை அந்தக் கட்டடத்திலேயே நிலைத்திருக்கும்படி செய்வது மற்றொன்று. இரண்டாவது வழிக்கு நாட்டுப்புற மாளிகைகள் மிகவும் ஏற்றவையாக அமைந்துள்ளன. நாட்டுப்புற மாளிகை என இங்குக் குறிக்கப்படுவது நிலவுடைமைக் குடும்பம் வாழ்ந்த வீடு மட்டுமன்று. குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, சமையற்கட்டு, பணியாளர் குடியிருப்பு, மதில், பூங்கா ஆகியவை எல்லாம் சேர்ந்த வளாகமே அப்பெயரால் சுட்டப்படுகிறது. கொத்தனார், தச்சர், கல்தச்சர், கொல்லர், சுதை வேலை செய்பவர் என ஒவ்வொரு தொழிலாளிக்கும் அத்தகைய வளாகத்தில் வேலை இருக்கும். சிறிய வேலையும் இருக்கும், பெரிய வேலையும் இருக்கும். புதிதாகத் தொழில் பழகுபவரைப் பணியாளர் குடியிருப்பின் பின்சுவரில் நிறுத்திவிட்டு, கைதேர்ந்தவரை மாளிகையின் முகப்புக்கு அனுப்பும் வசதி தனிக்கட்டடம் ஒன்றில் கிடைப்பதில்லை.

ஸ்காட்லாந்தின் டம்ஃபிரீஸ் மாளிகை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. கட்டடக் கலைஞர்களான ஆடம் சகோதரர்கள் 1754க்கும் 1759க்கும் இடையில் கட்டிய அம்மாளிகையை, அப்போது பிரிட்டனின் இளவரசராக இருந்த சார்லஸின் முன்முயற்சியில் அமைந்த கூட்டமைப்பு 2007இல் 4.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. மரபுக் கட்டடத் தொழில்கள் இப்போது அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் டம்ஃபிரீஸ் மாளிகை வாங்கப்பட்டபோதே முழுமையாக நின்றது. புகழ்பெற்ற அறைகலன் தச்சர் சிப்பென்டேல் செய்த நாற்காலிகளும் அலமாரிகளும்கூட மாளிகையுடனேயே சேர்த்து வாங்கப்பட்டன. எல்லாம் இழந்த ஒரு மாளிகை பள்ளியான கதைக்கு ருமேனியாவின் டிரான்சில்வேனியாவுக்குச் செல்ல வேண்டும். டிராகுலா கதையின் வழியாக மட்டுமே தமிழ் வாசகர் பலருக்கு அறிமுகமாகியுள்ள இப்பகுதி, உண்மையில் பழங்கட்டடங்களின் செறிவில் ஐரோப்பாவின் வளமான நிலப்பகுதிகளுள் ஒன்று.

குளூஜ்-நபோகா நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், சிறிய சோமெஷ் ஆற்றின் பக்கத்தில் உள்ள சிற்றூர் போன்ட்சிதா. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இவ்வூர் பான்ஃபி என்னும் ஹங்கேரியப் பிரபுக் குடும்பத்தின் உடைமையாக இருந்தது. இன்று காணப்படும் வளாகத்தின் பழைய பகுதி 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மறுமலர்ச்சிப் பாணியிலானது: நடுவில் முற்றம், மூலைகளில் வட்டக் கொத்தளங்கள் என்று கோட்டைக்குரிய அமைப்பில் அதை விரிவாக்கிய இரண்டாம் தேனேஷ் பான்ஃபி, அரசியல் பகையில் சிக்கி 1674இல் மரண தண்டனைக்கு ஆளானவர். அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், வியன்னாவில் மரியா தெரேசாவின் அரசவையைக் கண்டு திரும்பிய மற்றொரு தேனேஷ் பான்ஃபி, கோட்டையின் முன்னால் பரோக் பாணியில் விரிந்த முன்முற்றம் ஒன்றை அமைத்து, அதைச் சுற்றி லாயங்களையும் வண்டிக் கொட்டகைகளையும் எழுப்பினார். பரோக் என்பது வளைவுகளும் அசைவுமிக்க சிற்பங்களும் ஒளிநிழல் வேறுபாடும் கொண்ட, 17, 18ஆம் நூற்றாண்டுகளுக்குரிய ஐரோப்பியக் கட்டடப் பாணி. லாயங்களின் உச்சி விளிம்பில் யோகன்னஸ் நாக்டிகால் என்னும் சிற்பி, ரோமானியக் கவிஞர் ஓவிடின் உருமாற்றக் கதைகளைச் சிலைகளாக நிறுத்தினார்.

19ஆம் நூற்றாண்டில் வந்த யோசெஃப் பான்ஃபி, முன்னோர் கட்டிய வாயில் கோபுரத்தை இடித்து, அந்தக் கல்லையும் செங்கல்லையும் கொண்டு ஊரில் நீராலை ஒன்றைக் கட்டினார். பூங்காவின் நேர்கோட்டுப் பாதைகள் அழிக்கப்பட்டு, இயற்கையாக வளர்ந்ததுபோல் தோன்றும் ஆங்கிலப் பூங்கா அமைந்தது. 1850களில் அன்டன் காகெர்பாவர் என்னும் கட்டடக் கலைஞர் மேற்குப் பக்கத்துக்கு, இடைக்காலக் கோதிக் பாணியைப் பின்பற்றும் நவகோதிக் முகப்பு அளித்தார். மாளிகையைக் காப்பவர்கள் இன்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் சிக்கலின் வேர் இங்கேயே இருக்கிறது. எந்தத் தலைமுறையும் முன்னதை அப்படியே விட்டுவைக்கவில்லை. எந்தத் தலைமுறையும் முன்னதை முழுவதுமாக அழிக்கவும் இல்லை.

கடைசியாக அங்கே வாழ்ந்த உரிமையாளர் மிக்லோஷ் பான்ஃபி, 1873 முதல் 1950 வரை வாழ்ந்தவர். 1921, 1922 ஆண்டுகளில் ஹங்கேரியின் வெளியுறவு அமைச்சர். மேடை அமைப்பாளர், ஓவியர், எழுத்தாளர். 1934க்கும் 1940க்கும் இடையில் வெளிவந்த அவருடைய டிரான்சில்வேனிய முத்தொடர் நாவல்களில் தேனெஷ்தோர்ன்யா என்ற பெயரில் வரும் மாளிகை, போன்ட்சிதாவை மாதிரியாகக் கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனியின் அணியிலிருந்து ஹங்கேரியும் ருமேனியாவும் விலக வேண்டும் என்ற நோக்கத்துடன் 1943இல் அவர் புக்கரெஸ்ட் சென்று பேச்சு நடத்தினார். அதற்குப் பழிவாங்கவே, 1944இன் இலையுதிர் காலத்தில் பின்வாங்கிச் சென்ற ஜெர்மானியப் படையினர் மாளிகையைச் சூறையாடித் தீயிட்டனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். நூலகமும் முன்னோர் ஓவியங்களும் அறைகலன்களும் அழிந்தன, சுவர்கள் நின்றன. பொதுவுடைமை அரசு வளாகத்தை எடுத்துக்கொண்டு வேளாண் கூட்டுறவு உள்ளிட்ட பல தேவைகளுக்குப் பயன்படுத்தியது. கூரை இழந்த சுவரிலிருந்து ஊரார் செங்கல் பெயர்த்துச் சென்றதை, ஒருவேளை அவ்வளவு கடுமையாகக் கண்டிக்க வேண்டியதில்லை. வாயில் கோபுரத்தைப் பெயர்த்து ஆலை கட்டிய பிரபுவும் அதையேதான் செய்தார்.

1999இல், உலகின் மிகுந்த ஆபத்திலுள்ள நூறு நினைவுச்சின்னங்களின் பட்டியலில் உலக நினைவுச்சின்ன நிதியம் இம்மாளிகையைச் சேர்த்தது. பட்டியல்களால் கட்டடங்கள் காப்பாற்றப்படுவது அரிது. இங்கே நிலைமையை மாற்றியது, 1996இல் குளூஜில் தொடங்கப்பட்ட டிரான்சில்வேனியா டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையும், பிரிட்டனின் மரபுக் கட்டடப் பாதுகாப்பு வல்லுநர் அமைப்பும் சேர்ந்து 2001இல் போன்ட்சிதாவில் தொடங்கிய பயிற்சி மையம். ஒரு மாளிகையைச் சீரமைக்கும் அளவுக்கு அறக்கட்டளையிடம் பணம் இல்லை. பணம் இருந்திருந்தாலும் அந்த வேலைக்கு ஆள் போதாது. பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் வீட்டுக்கட்டுமானம் ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கும் வேலையாகிவிட்டதால் சுண்ணாம்பு குழைக்கவும் பழைய முறையில் மரம் இணைக்கவும் தெரிந்த கைகள் அருகிவிட்டிருந்தன. பல நூற்றாண்டுகளாக இப்பகுதியில் வாழ்ந்துவந்த டிரான்சில்வேனிய ஜெர்மானியர் 1990ஐ ஒட்டிப் பெருந்தொகையாக ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்ததில் அவர்களுடைய ஊர்களின் தொழில்மரபும் தளர்ந்தது. ஆகவே ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கும் முயற்சியையே மாளிகையின் சீரமைப்பாக மாற்றினார்கள். இத்திட்டத்தின் தனிச்சிறப்பு இந்தத் தலைகீழ் வரிசையில்தான் உள்ளது: கட்டடத்தைச் சரிசெய்வதற்காகப் பயிற்சி நடக்கவில்லை, பயிற்சி நடப்பதால் கட்டடம் கொஞ்சங்கொஞ்சமாகச் சரியாகிறது.

எரிந்து திறந்து கிடக்கும் மாளிகை, முழுமையான மாளிகை கற்பிக்க முடியாத பலவற்றைக் கற்பிக்கும். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் அடுக்கு தெரியும். தளம் இடிந்த இடத்தில் வளைவு எப்படிச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தது என்பது தெரியும். மறுமலர்ச்சிக் காலச் சன்னலொன்றைப் பரோக் காலத்தில் அடைத்து, அதன் அருகில் வேறொன்றைத் திறந்த தடம், இரு காலங்களின் செங்கல் அளவும் சாந்தின் நிறமும் வேறுபடுவதால் சுவரிலேயே படிக்கக் கிடைக்கும். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பதற்கு ஒப்பானது இது. கட்டடக் கலை மாணவர் வரைபடத்தில் ஒற்றைக் கோடாக வரைந்து பழகிய சுவர், உள்ளே இரண்டு முகங்களும் நடுவில் நொறுக்குக் கல் நிரப்பலும் கொண்ட மூன்றடுக்குப் பொருளாக இருக்கலாம் என்பது, இடிந்த முனையைப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

மதிப்புமிக்க நினைவுச்சின்னத்தில் கைபழகாதவரை வேலைசெய்ய விடலாமா என்ற ஐயம் இயல்பாக எழும். அதற்கு நிர்வாகம் சார்ந்த விடை ஒன்று உண்டு: தேர்ந்த கைவினைஞரின் மேற்பார்வை, எளிய பகுதியிலிருந்து அரிய பகுதிக்குச் செல்லும் வரிசை, வேலைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்படும் ஆவணப் பதிவு. அதைவிட ஆழமான விடை, பழைய கட்டடத்தின் பொருள்களிலேயே இருக்கிறது. கற்பவரின் கை தவறும்; தவறினால் திருத்திக்கொள்ள இடம் தரும் பொருள்களே பள்ளிக்கு ஏற்றவை. சுண்ணாம்பும் மரமும் அத்தகையவை, சிமென்ட் அத்தகையதன்று. கட்டடப் பாதுகாப்புத் துறையில் மீட்புத்தன்மை எனப்படும் கோட்பாடு, அதாவது இன்று செய்யும் பழுதுபார்ப்பைப் பின்னொரு நாளில் மூலக் கட்டடத்துக்குச் சேதமின்றி நீக்க முடிய வேண்டும் என்னும் விதி, வயதான கட்டடத்தின் நலனுக்காக வகுக்கப்பட்டது. ஆனால் இளைய மாணவரின் நலனுக்கும் அது அப்படியே பொருந்திவிடுகிறது.

சுண்ணாம்பை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேற, எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. இதில் தண்ணீர் சேர்ப்பதை நீற்றுதல் என்பர். கொத்தனார் வழக்கில் தாளித்தல். கட்டிகள் முதலில் சும்மா கிடக்கும். சற்று நேரத்தில் வெடித்துப் பிளந்து, சீறி, தண்ணீரையே கொதிக்கச் செய்யும். கண்ணாடியும் கையுறையும் இன்றி எவரையும் தொட்டியருகே விடுவதில்லை. கொதிப்பு அடங்கியபின் வெண்ணெய்ப் பதத்தில் கிடைப்பதைச் சல்லடையில் வடித்து, காற்றுப் படாமல் தண்ணீரின் அடியில் வாரக்கணக்கில், முடிந்தால் மாதக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். ஊற ஊறக் குழைவு கூடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஏறத்தாழ மூன்று பங்கு கூர்மணல் சேர்த்து, தண்ணீரை மேலும் ஊற்றிவிடாமல் மிதித்தும் குத்தியும் பதப்படுத்துவதே சாந்து. சாந்து இறுகிவிட்டதாகத் தோன்றினால் புதியவரின் கை உடனே வாளித் தண்ணீரை நோக்கிப் போகும்; அதைத் தடுத்து, இன்னும் கொஞ்சம் அடித்தால் இளகும் என்று காட்டுவது சுண்ணாம்பு வேலையின் முதற்பாடங்களுள் ஒன்று.

பூசுவதற்கு முன் சுவரை நன்கு நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் உலர்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்ச, பூச்சு பொடியாகிவிடும். பூச்சை ஒரே தடவையில் தடிமனாக ஏற்றாமல் மெல்லிய படலங்களாக ஏற்றி, முந்தைய படலத்தைக் கீறிவிட்டு அடுத்ததைப் பிடிக்கச் செய்ய வேண்டும். சாந்து இறுகுவது வெறும் உலர்தலால் அன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக உள்வாங்கி மீண்டும் கல்லாக மாறுவதால். அந்த மாற்றத்துக்கு ஈரமும் காலமும் வேண்டும்; இறுகாத சாந்தில் உறைபனி பிடித்தால் வேலை பாழ். கடுங்குளிர் நிலமான டிரான்சில்வேனியாவில் சுவர் வேலை வெப்பமான மாதங்களில் மட்டுமே நடக்க முடியும் என்பதால், பள்ளியின் பருவத்தையும் சுண்ணாம்பே முடிவுசெய்கிறது.

பாடம் சரியாக வரவில்லையென்றால் இந்தப் பூச்சைக் கரணையின் விளிம்பால் சுரண்டி எடுத்துவிடலாம். செங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது. சிமென்ட் பூச்சைப் பெயர்த்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடும். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்ட் சிமென்ட், புதிய கட்டடத்துக்கு அளித்த வலிமையைப் பழைய சுவருக்கு நோயாக அளித்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி ஈரத்தை விடும். அதன்மேல் இறுகிய சிமென்ட் போர்த்தினால், வெளியேற வழியில்லாத நீர் செங்கல்லுக்குள் தேங்கும். அதில் கரைந்த உப்பு பூச்சின் பின்னால் படிகமாகும். குளிர்காலத்தில் அந்நீர் உறைந்து ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடையும்போது செங்கல் ஏடு ஏடாக உதிரும். பழைய சுவரைப் பலப்படுத்த விரும்பியவர்களே அதைச் சிதைத்த இக்கதை ருமேனியாவுக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தமிழ் வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

மர வேலையிலும் இதே நெறி. மழை ஒழுகிய கூரையில் முதலில் மக்கிப்போவது பெரும்பாலும் விட்டத்தின் நடுப்பகுதியன்று, சுவரில் அமர்ந்த முனை. விட்டம் முழுவதையும் தூக்கியெறிவது எளிது. போன்ட்சிதா போன்ற பள்ளிகள் கற்பிப்பது, மக்கிய முனையை மட்டும் நல்ல மரம் வரும்வரை வெட்டி, அதே இனத்துப் புது மரத் துண்டைச் சாய்வான வெட்டில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இணைத்து, மர ஆணியால் பூட்டும் முறை. இந்த இணைப்பில் இரு மரங்களுக்கும் இடையே இடைவெளி விழுந்தால் சுமை சரியாக இறங்காது. ஐரோப்பியப் பழங்கூரைகளின் சட்டங்களில், பட்டறைத் தரையில் வெட்டிப் பொருத்திப் பார்த்துப் பிரித்து மேலே ஏற்றும்போது எது எதனுடன் சேரும் என்று அறிய, தச்சர் உளியால் கீறிய குறிகள் காணப்படும். இளம் தச்சர் அந்தக் குறிகளைப் படிக்கக் கற்கும்போது, முந்நூறு ஆண்டுக்கு முந்தைய கூரையின் வேலை வரிசையே அவருக்குப் புரிந்துவிடுகிறது. ஆண்டு வளையங்களின் அகல வரிசையை ஒப்பிட்டு மரம் வெட்டிய ஆண்டைக் கணிக்கும் ஆய்வாளருக்குச் சான்று கிடைப்பதும் தூக்கியெறியப்படாத அதே விட்டத்திலிருந்துதான்.

பயிற்சி பெரும்பாலும் இரண்டு வாரத் தொகுதிகளாக அமைந்துள்ளது. கல், செங்கல், மரம், சுண்ணாம்புப் பூச்சு, இரும்பு எனத் தொழில்வாரியாகக் கைவினைஞர் கற்க, கட்டடக் கலைஞரும் பொறியாளரும் அதே வளாகத்தில் ஆவணப்படுத்தலும் பழுதாய்வும் பயில்கிறார்கள். விரிவுரையும் சாரத்தின்மேல் நின்று செய்யும் வேலையும் ஒன்றாகவே நடைபெறுகின்றன. வரைபவரும் கட்டுபவரும் ஒரே சுவரின் முன் நிற்பது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் ஐரோப்பியக் கல்வியில் இவ்விருவரும் பிரிந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. தாம் வரையும் விவரத்தைக் கையால் செய்து பார்த்திராத கட்டடக் கலைஞரே, செய்ய முடியாததை எழுதி, இறுதியில் ஒப்பந்தக்காரர் சிமென்ட் போட்டு முடிப்பதற்கு வழிவகுக்கிறார். பல நாடுகளிலிருந்து பயிற்சியாளர்கள் வந்துசேர்ந்த இம்மையத்துக்கு, மரபுரிமைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோப்பா நோஸ்ட்ரா விருது, கல்விப் பிரிவில், 2008ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது. சார்லஸ் இதற்குப் புரவலராகவும் இருந்துள்ளார். டிரான்சில்வேனியா குறித்த பழைய எல்லைப் பூசல் முற்றிலும் ஆறாத ருமேனியா, ஹங்கேரி ஆகிய இரு அரசுகளும் இம்மாளிகைக்கு நிதி அளித்துள்ளதை, விருதைவிடப் பெரிய செய்தியாகக் கொள்ளலாம்.

எதை மீட்பது என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. 1964இன் வெனிஸ் சாசனம், நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதில் உலகெங்கும் ஏற்கப்படும் அடிப்படை ஆவணம். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்றும், இழந்ததற்கு மாற்றாகச் சேர்ப்பது முழுமையுடன் இசைந்தும் மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றும், எல்லாக் காலங்களின் பங்களிப்பும் மதிக்கப்பட வேண்டும் என்றும் அது விதிக்கிறது. மறுமலர்ச்சி, பரோக், நவகோதிக் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த வளாகத்தில் இவ்விதியை ஓதுவது எளிது, நடத்துவது கடினம். 1944இன் தீயும் வரலாற்றின் ஒரு படலம்தானே, கருகிய சுவரை ஏன் பூச வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அக்கேள்வி கூர்மையானதே, ஆனால் கூரையற்ற சுவர் மழையில் கரைந்துகொண்டிருக்கும்போது, கருகலை அப்படியே காட்சிக்கு வைப்பது தீயின் வேலையைத் தொடர்ந்து முடித்துவைப்பதாகவே அமையும். மாளிகையில் நடந்துவரும் வேலை நடுவழியைப் பின்பற்றுகிறது: முதலில் கூரையும் நீர்வடிகாலும், பிறகு உடனே பயன்படுத்தக்கூடிய சிறு கட்டடங்கள், அலங்காரம் கடைசியில். சமையற்கட்டு சீரமைக்கப்பட்டு உணவகமானதும், மற்றொரு கட்டடம் பயிற்சியாளர் தேவைக்குப் பயன்பட்டதும் இந்த வரிசையில்தான்.

பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்தபின் உரிமை மீண்டும் குடும்பத்துக்கே வந்தது. மிக்லோஷ் பான்ஃபியின் மகள் கதலின் பான்ஃபி-யெலென், தந்தையின் நாவல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர் இருவருள் ஒருவர். அவர் மாளிகையை 49 ஆண்டுக் காலக் குத்தகையில் டிரான்சில்வேனியா டிரஸ்டின் பொறுப்பில் விட்டார். 2013 முதல் மாளிகை வளாகத்தில் நடைபெறும் எலெக்ட்ரிக் காசில் என்னும் இசைவிழாவுக்குப் பல்லாயிரம் இளைஞர் திரள்கிறார்கள். அதன் வருவாயில் ஒரு பகுதி சீரமைப்புக்குச் செல்கிறது. கட்டடப் பாதுகாப்புத் துறையினர் சிலருக்கு இது உவப்பாக இல்லை. அதிரும் ஒலிபெருக்கியும் பழஞ்சுவரும் அண்டை வீட்டுக்காரர்களாக இருப்பது எவருக்கும் கலக்கம் தரக்கூடியதே. என்றாலும், வழிகாட்டியுடன் வரும் சிறு குழுக்களின் நுழைவுக் கட்டணத்தில் இவ்வளவு பெரிய கூரை ஏறாது என்பதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

மாளிகை ஒருநாள் முழுமையடைந்துவிட்டால் பள்ளிக்கு வேலை இராதே என்ற கவலையும் எழுப்பப்படுவதுண்டு. ஆனால் பழங்கட்டடத்தில் வேலை முடிவதே இல்லை: வெள்ளையடித்த சுவருக்குச் சில ஆண்டுகளிலேயே மறுபடி வெள்ளையடிக்க வேண்டியிருக்கும்; டிரான்சில்வேனியக் கூரைகளில் வேயும் மரச்சில்லுகளைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்; காற்றும் மழையும் படும் முகப்பில் செங்கல் இடுக்குச் சாந்தை மீண்டும் நிரப்ப வேண்டியிருக்கும். மாளிகை முழுமையடையும் நாள் வருவதற்குள், லாயத்தின் உச்சியிலிருந்து விழுந்துவிட்ட ஓவிடின் கதைச் சிலைகளைப் பற்றியும் முடிவு எடுத்தாக வேண்டும்: எஞ்சிய துண்டுகளைக் கூரையின்கீழ்ப் பாதுகாத்துவிட்டு உச்சியில் நகல்களை நிறுத்துவதா, உச்சியை வெறுமையாகவே விடுவதா என்பதில் கல்தச்சரின் கருத்தையும் கேட்டே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.